மேனேஜர் இன்னும் சாப்பிடவில்லை

ஜூன் 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுறது. பத்திரமா வந்து சேர்ந்துட்டேன். கடல் என்னைப் போட்டுக் குலுக்கின குலுக்குல குடல் வாய்க்கு வந்துடுச்சு. கூட வந்த சமையல்காரர் எலுமிச்சம்பழத்தை மூக்குல வச்சுத் தேய்ச்சுவிட்டார். இப்ப தேவலை. உன் முதுகுவலி எப்படி இருக்கு? லிஃப்டைச் சோதிக்கறேன்னு குழிக்குள்ள இறங்கிக் குனியாதேன்னு சொன்னா நீ கேக்கவா போறே. உன் பொண்டாட்டிகிட்டயும் விசாரிச்சேன்னு சொல்லு.

தீவுன்னா பெருசா நினைக்காதே. ஒரு கல்குவாரி, தொழிலாளிங்க தங்குற கொட்டகை, சுத்தி உப்புக் காத்து. என் மருத்துவ அறைக்குத் தகரக் கூரை. ரெண்டு கட்டில், ஒரு அலமாரி, அப்பப்ப உறுமுற ஒரு ஃப்ரிட்ஜ். டாக்டர் கரையில இருக்கார். இங்க நான்தான் எல்லாம். இத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில 'சிஸ்டர், டாக்டரைக் கூப்பிடுங்க'ன்னு கேட்டுக் காது புளிச்சுப் போச்சுடா. ஒரு தடவையாவது நானே பொறுப்பா ஒரு இடத்துல இருந்து பாக்கணும். நீ வேண்டாம்னு சொன்னதுக்கு ஒண்ணும் மனசுல வச்சுக்கல. போன் ஆபீஸ் அறையில ஒண்ணே ஒண்ணு, ஆபத்துக்கு மட்டும். மத்ததுக்கெல்லாம் கடிதம்தான். அதுவும் கடல் மனசு வச்சாத்தான் படகு.

இப்ப உன்கிட்ட விட்டுட்டு வந்த என் சிலந்தி, மேனேஜர் விஷயம். டரான்டுலா ஜாதின்னதும் உள்ளங்கை அளவை நினைச்சு அவ பயப்பட வேண்டாம். அது வளர வருஷக்கணக்காகும். இப்ப காலை நீட்டினாக்கூட கட்டைவிரல் நகம்தான். என்கிட்ட வந்தப்புறம் அது இன்னும் தோலுரிக்கல. இதுதான் முதல் தடவை, அதான் பயமா இருக்கு. முதல்ல சாப்பாட்டை நிறுத்தும். வயிறு கறுத்து மினுங்கும். அப்புறம் ஒரு நாள் மல்லாந்து கிடக்கும். செத்துடுச்சுன்னு நினைச்சுடாதே. தொடாதே, திருப்பிப் போடாதே, ஊதாதே. திங்காம விட்ட சில்வண்டை உடனே வெளிய எடுத்துடு. தோலுரிக்கிறப்ப மேனேஜரால அசைய முடியாது. பசியில இருக்குற சில்வண்டு அதையே கடிச்சுத் தின்னுடும். கிண்ணத்துல தண்ணி வை. மத்தபடி சும்மா இரு. உனக்கு அதுதான் கஷ்டம்.

இந்த வேலை ஆறு மாசத்துக்கு. மேல ரெண்டு வருஷம் இருக்கேனான்னு அக்டோபர் முடியறதுக்குள்ள சொல்லணும். நானும் மேனேஜரும் ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கோம். அது தோலுரிச்சுப் பிழைச்சா நான் இங்கயே இருப்பேன். அது போயிடுச்சுன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்துடுவேன். சிரிக்காதே.

உடம்பைப் பாத்துக்கோ.
அக்கா

*

ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இவ்விடம் நாங்கள் இருவரும் சுகம். உன் கடல்மயக்கம் முழுவதும் நீங்கியதா என்பதை அடுத்த கடிதத்தில் தவறாமல் தெரிவிக்கவும். என் முதுகு வழக்கம்போல இருக்கிறது. குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

மேனேஜரின் பெட்டியை உன் அறை ஜன்னலருகிலிருந்து உள்சுவர்ப் பக்கம் மாற்றியிருக்கிறேன். பிற்பகலில் வெயில் ஒரு விரற்கடை அளவு பெட்டியின் மேல் விழுவதைக் கண்டதே காரணம். லிஃப்ட் இயந்திரங்களின் அடிப்பக்கத்தைப் பார்க்க நான் பயன்படுத்தும் கைப்பிடிக் கண்ணாடியையும் சிறு டார்ச்சையும் கொண்டு, மூடியைத் திறக்காமலே அதைக் கவனிக்க முடிகிறது. அது மரப்பட்டையின் கீழே ஒரு வளை தோண்டி, வாசலில் முன்னங்கால்களை மட்டும் நீட்டி உட்கார்ந்திருக்கிறது. நாள் முழுவதும் அறையைவிட்டு வெளியே வராமல், யாராவது அருகில் போனால் மட்டும் பாய்கிறது. நீ வைத்த பெயர் பொருத்தமானது என்பதை என் அலுவலக அனுபவத்தைக் கொண்டு உறுதிசெய்கிறேன்.

சில்வண்டுகளைக் கடையிலிருந்து நான்தான் வாங்கிவருகிறேன். உன் நாத்தனார் முறைக்காரி அந்த டப்பாவைக் கண்டதும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். "எட்டுக் காலுக்குத் தீனி போட ஆறு காலை வாங்கிட்டு வர்றீங்க. ரெண்டு கால்ல ஒருத்தி இங்க தக்காளி கேட்டு ஒரு வாரமாச்சு" என்கிறாள்.

உன் ஒப்பந்தத்தைப் படித்து நான் சிரிக்கவில்லை. ஒரு மனிதர் தன் இரண்டு வருடங்களை ஒரு சிலந்தியின் வயிற்றைக் கொண்டு தீர்மானிப்பது முறையல்ல. ஆயினும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. உன் விருப்பத்திற்கு என்னால் ஒரு குறையும் நேராது.

உன் நலம் கோரும்
தம்பி

*

ஜூலை 12

அன்புத் தம்பிக்கு,

கடல்மயக்கம் போயே போச்சு. இப்ப தரையில நடந்தாத்தான் மயக்கம். நீங்க ரெண்டு பேரும் எப்படி இருக்கீங்க? அவளை என் நாத்தனார் ஆக்கிட்டியே, பாவி. அவளுக்குத்தான்டா நான் நாத்தனார். லிஃப்டை மட்டும் மேல கீழ ஒழுங்கா பாரு. அவளுக்கு மொதல்ல தக்காளி வாங்கிக் குடு.

இங்க என்னைத் தெரியாத ஆளில்லை. காலையில வரிசை நிக்கும். ஒருத்தனுக்குக் கண்ணுல தூசி, ஒருத்தனுக்கு உள்ளங்கையில கொப்புளம், ஒருத்தனுக்கு ஒண்ணுமே இல்லை, சும்மா பேசணும். நேத்து சமையல்காரர் கேட்டார், "வீட்டுல பூனை, நாய் ஏதாச்சும் வளர்க்கறீங்களா சிஸ்டர்?" "சிலந்தி வளர்க்கறேன்"னேன். "அது எங்க வீட்டுலயும் இருக்கு சிஸ்டர். ஏன், உங்க வீட்டுல ஒட்டடைக் குச்சி இல்லையா?"ங்கறார். வரிசை மொத்தமும் சிரிச்சு, கொப்புளக்காரன் வலியையே மறந்துட்டான்.

ஒரு டிரில்லர் இருக்கான், பாறையில துளை போடுற ஆளு. அவன்தான் கொட்டகையிலயே பெரிய வாயாடி. "மேனேஜர் எப்படி சிஸ்டர், சம்பளம் ஏத்துவாரா?"ன்னு தினம் கேட்டுட்டுத்தான் வேலைக்குப் போவான்.

சந்தோஷமா இருக்கேன்டா. நீ கவலைப்பட வேண்டியதே இல்லை. மேனேஜர் சாப்பிடுதா?

அக்கா

*

ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் உற்சாகமான கடிதம் எங்கள் இருவருக்கும் மகிழ்ச்சியளித்தது. முறைப்பெயரைப் பிழையாக எழுதியதற்கு வருந்துகிறேன். உரியவளும் அதைச் சுட்டிக்காட்டிவிட்டாள். அவளுக்குச் சிறிது சளி, இப்போது குறைந்திருக்கிறது. தக்காளி வாங்கப்பட்டது.

இனி முக்கியமான செய்தி. மேனேஜர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. சில்வண்டை வளை வாசலில் விட்டால் முன்னங்காலால் ஒதுக்கித் தள்ளுகிறது. வயிறு நீ சொன்னபடி கறுத்து, எண்ணெய் தடவியதுபோல் மினுங்குகிறது. நடை தளர்ந்திருக்கிறது. நேற்று கண்ணாடிச் சுவரில் ஏற முயன்று பாதியில் வழுக்கி விழுந்தது. எழுந்திருக்கும்வரை நான் அலுவலகத்திற்குக் கிளம்பவில்லை.

நான் மறைக்கக் கூடாத ஒன்றும் நடந்தது. மீந்த சில்வண்டை இடுக்கியால் எடுக்கும்போது அது துள்ளிப் பட்டையின் அடியில் புகுந்துவிட்டது. பட்டையைத் தூக்கினால் வளை இடிந்துவிடும். தூக்காவிட்டால் சில்வண்டு உள்ளேயே இருக்கும். நீ சொன்ன விதிகளில் ஒன்று 'தொடாதே' என்கிறது, மற்றொன்று 'வெளியே எடு' என்கிறது. இரண்டும் மோதும்போது எதற்கு முன்னுரிமை என்று நீ சொல்லவில்லை. என் தொழிலில் ஐயம் வந்தால் இயந்திரத்தை நிறுத்திவிடுவோம். இதை எப்படி நிறுத்துவது?

"அண்ணி பதில் போடறதுக்குள்ள அதுங்க ரெண்டும் பேசி முடிவு பண்ணிக்கும். வந்து சாப்பிடுங்க" என்கிறாள் இவள். என்னால் அவ்வாறு இருக்க முடியவில்லை. அடுத்த படகிலேயே பதில் வேண்டும்.

உன் நலம் கோரும்
தம்பி

*

ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

நல்லா இருக்கீங்களா? அவ சளி விட்டுச்சா? சில்வண்டை எடுத்துடு. வளை இடிஞ்சா இடியட்டும், மேனேஜர் வேற தோண்டிக்கும். சில்வண்டு உள்ள இருக்கக் கூடாது, அதான் முக்கியம்.

இங்க கல் சரிஞ்சு அந்த டிரில்லர் கால்மேல விழுந்துடுச்சு. கடல் கொந்தளிப்புல படகு வர முடியல. டாக்டர் போன்ல சொல்லச் சொல்ல நான் செய்றேன். இப்ப அவன் பக்கத்துல உக்காந்துதான் இதை எழுதறேன். படகு வந்ததும் அவனையும் இந்தக் கடிதத்தையும் சேத்து அனுப்பணும். வேற எழுத ஓடல.

அக்கா

*

செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் சுகம். சளி முற்றிலும் நீங்கிவிட்டது. உன் கடிதம் மிகத் தாமதமாக வந்து சேர்ந்தது.

பெட்டியின் ஈரப்பதம் குறையாமல் பார்த்துக்கொள்ளப்படுகிறது. தண்ணீர்க் கிண்ணம் நாள்தோறும் நிரப்பப்படுகிறது. நேர் வெயில் படுவதில்லை. மூடியின் காற்றுத் துளைகளில் அடைப்பு எதுவும் இல்லை. பெட்டியின் மேல் மெல்லிய துணி ஒன்றைப் போர்த்தியிருக்கிறேன். நீ எடுக்கச் சொன்ன சில்வண்டு இன்னமும் உள்ளேதான் இருக்கிறது. நேற்றுகூடக் கண்ணில் பட்டது.

உன் அறையின் ஜன்னல் கொக்கி தளர்ந்திருக்கிறது. தச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.

நீ மேற்கொண்ட வேலை உனக்கு நிறைவளிக்கிறது என்பதை உன் முந்தைய கடிதங்களால் அறிந்திருக்கிறேன். அது தடையின்றித் தொடர வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்.

உன் நலம் கோரும்
தம்பி

*

செப்டம்பர் 22

தம்பிக்கு,

நான் நல்லா இருக்கேன். நீ?

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படிச்சேன். அதுல பெட்டி இருக்கு, தண்ணி இருக்கு, துணி இருக்கு, கொக்கி இருக்கு, தச்சர்கூட வர்றார். மேனேஜரை மட்டும் காணோம். எங்கடா அது? நீ பொய் சொல்ல மாட்டே, எனக்குத் தெரியும். சின்ன வயசுலயும் மாட்டினா வாயை மூடிக்குவியே தவிர பொய் வராது. அதான் பயமா இருக்கு.

செத்துடுச்சா? செத்துடுச்சுன்னா செத்துடுச்சுன்னு எழுது. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிஞ்சாகணும், அவ்வளவுதான். அக்டோபர் முடியறதுக்குள்ள ஆபீஸ்ல சொல்லணும் இல்லையா.

இங்க விசேஷம் எதுவும் இல்லை. மழை. அலமாரியை எல்லாம் ஒழிச்சுத் துடைச்சேன். விரிப்பெல்லாம் துவைச்சேன். இப்ப ஒரு கட்டில்தான் விரிச்சு வச்சிருக்கேன், அது போதும். சாப்பாடு ஏதோ இறங்குது. வரிசையும் இப்ப முன்ன மாதிரி இல்லை.

சீக்கிரம் எழுது. செத்துடுச்சா இல்லையா, அதை மட்டும் எழுது.

அக்கா

*

அக்டோபர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உடல் அளவில் நாங்கள் சுகம்.

மேனேஜர் இறந்துவிட்டது. ஆகஸ்ட் இறுதியில் ஒரு காலை, வளைக்கு வெளியே கிடந்தது. மல்லாந்து கிடந்தால் தொடக் கூடாது என்பதால் முதலில் காத்திருந்தேன். அசைவே இல்லாததால் கண்ணாடியையும் டார்ச்சையும் வைத்துப் பார்த்தேன். எட்டுக் கால்களும், பற்களும், ரோமமும் அப்படியே இருந்தன. ஆனால் முதுகின் மேற்பகுதி ஒரு மூடிபோலப் பெயர்ந்திருந்தது. உள்ளே எதுவும் இல்லை; வெறும் கூடு. அருகிலேயே அந்தச் சில்வண்டு நின்றது. அசைய முடியாத நேரத்தில் அது உள்ளிருந்ததையெல்லாம் தின்றுவிட்டது என்பதில் ஐயமில்லை. நீ எச்சரித்ததே நடந்தது. உன் கடிதம் வரும் முன்பே நான் பட்டையைத் தூக்கியிருக்க வேண்டும்.

அந்த உடலைப் பஞ்சு வைத்து ஒரு சிறு டப்பாவில் வைத்திருக்கிறேன். சில்வண்டைப் பிடித்திருக்கலாம். பிடித்து அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் இன்னும் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். நிறுத்த மனம் வரவில்லை.

ஏன் மறைத்தேன் என்று நீ கேட்பாய். நீ தீவுக்குப் போக வேண்டாம் என்று சொன்னவன் நான். இது தெரிந்தால் நீ எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருவாய். அதாவது, என் கவனக்குறைவாலேயே நான் விரும்பியது நடந்துவிடும். அப்படி ஒரு வழியில் அது எனக்கு வேண்டாம். ஒரு சிலந்திக்காக உன் வேலையை விடாதே. ஒப்பந்தத்தை முறித்த குற்றம் என்னுடையதாகவே இருக்கட்டும்.

மன்னிப்பை வேண்டும்
தம்பி

*

அக்டோபர் 11

அன்புத் தம்பிக்கு,

அக்கா நல்லா இருக்கேன். நீயும் அவளும் நல்லா இருக்கணும்.

செத்துடுச்சா. சரிடா. உன் தப்பு இல்லை. சின்ன உயிரு, அதுக்கு எத்தனையோ கண்டம். விடு.

ஒப்பந்தம்னா ஒப்பந்தம்தானே? நான் வந்துடுறேன். மாசக் கடைசிப் படகு இருக்கு, கடல் இப்ப அமைதியாத்தான் இருக்கு. பெட்டி கட்ட ஆரம்பிச்சுட்டேன், என்ன பெரிய பெட்டி, ரெண்டு புடவையும் ஒரு செருப்பும். ஆபீஸ்ல கேட்டா வீட்டுல ஒரு சாவுன்னு சொல்லிடுவேன். பொய்யில்லையே. அந்தக் கொக்கியைத் தச்சர் சரி பண்ணிட்டாரா? இல்லேன்னா ஒரு கயிறு போட்டுக் கட்டு, போதும். எனக்கு வந்து படுத்தா போதும். அவகிட்ட சொல்லு, தக்காளி நான் வாங்கிட்டு வர்றேன்னு.

எத்தனையோ நாளுக்கப்புறம் நேத்துதான் நல்லாத் தூங்கினேன்.

அக்கா

*

அக்டோபர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மேனேஜரும் நலம். நீதான் நலமாக இல்லை என்று நினைக்கிறேன்.

வரிசையாகச் சொல்கிறேன். நீ வருகிறாய் என்றதும் பெட்டியைக் கழுவி வைக்க நினைத்துப் பட்டையைத் தூக்கினேன். அடியில், முன்னிருந்ததைப் போல் ஒன்றரை மடங்கு அளவில், வெல்வெட்டுத் துணிபோன்ற கறுப்பில், மேனேஜர் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்து முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கியது. சில்வண்டின் மிச்சம் ஒரு சிறு உருண்டையாக மூலையில் கிடந்தது. நான் பஞ்சில் வைத்திருந்தது உடல் அன்று, அது கழற்றி எறிந்த சட்டை. பாம்பின் தோலைப்போல ஏதோ கிழிசலாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். பற்களும் ரோமமும் கூட விடாமல் ஓர் உயிர் தன்னை அப்படியே கழற்றி வைக்கும் என்று எனக்குத் தெரியாது.

இவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்க சர்டிபிகேட்டை நம்பியா இத்தனை பேர் லிஃப்ட்ல போறாங்க!" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அண்ணிக்கு எழுதாதீங்க. செத்ததாவே இருக்கட்டும். வந்து பாத்துக்கட்டும்." ஏன் என்றேன். "அவங்க கடிதத்தை நீங்க எப்படித்தான் படிக்கிறீங்களோ" என்றாள்.

ஆகவே மறுபடி படித்தேன். மேனேஜர் செத்த செய்திக்கு நீ ஒரு வரிகூட அழவில்லை. எந்தப் படகு என்று எழுதியிருந்தாய். அதற்கு முந்தைய கடிதத்தில் அலமாரி இருக்கிறது, விரிப்பு இருக்கிறது, மழை இருக்கிறது. ஒரு கட்டில் மட்டும் விரிக்கப்பட்டிருக்கிறது. அந்த டிரில்லர் இல்லை. கால்மேல் கல் விழுந்த ஒருவரைப் பற்றி எழுதிவிட்டு, அதன்பின் அவர் பேச்சையே நீ எடுக்கவில்லை. நீயும் பொய் சொல்ல மாட்டாய். உண்மையான வாக்கியங்களை மட்டும் அடுக்கி, நடுவில் ஒன்றை விட்டுவிடுவது எப்படி என்பதை கடந்த மாதம் நானே பழகிக்கொண்டேன். அதனால் அடையாளம் தெரிகிறது.

இவள் சொன்னபடி மறைத்திருந்தால் நீ நிம்மதியாகப் படகேறியிருப்பாய். என்னால் முடியவில்லை. உயிரோடிருப்பதைச் செத்தது என்று நான் கையெழுத்திட மாட்டேன். எனவே உன் ஒப்பந்தத்தின்படி நீ அங்கே இருக்க வேண்டும். உனக்குக் கிடைத்திருந்த ஒரே காரணத்தையும் நான் பறித்துவிட்டேன் என்பது எனக்குத் தெரிகிறது.

அக்கா, காரணம் வேண்டாம். காரணம் இல்லாமலே வா.

தம்பி

*

அக்டோபர் 27

அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதமும் நானும் ஒரே படகுலதான் வருவோம்னு தெரியும். இருந்தாலும் நேர்ல பேச வராது, அதான் எழுதறேன்.

அவன் போயிட்டான்டா. படகு வர்றதுக்கு முன்னாடியே. டாக்டர் சொன்னது எல்லாத்தையும் செஞ்சேன், ஒண்ணு விடாம செஞ்சேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு "படகு வந்துடுச்சா சிஸ்டர், வந்துடுச்சா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். வந்துடுச்சு, இதோ ஏத்தப் போறாங்கன்னு சொன்னேன். நீ நினைக்கிற மாதிரி இல்லை, நான் பொய் சொல்லுவேன். அப்புறம் யார்கிட்டயும் இதை வாயைத் திறந்து சொல்லல. பெரிய இவளாட்டம் கிளம்பி வந்துட்டு, எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுத் திரும்பறதுன்னு இருந்துச்சு. ஒரு பூச்சி செத்தா அது பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு வந்துடலாம்னு பாத்தேன். பாவம், அது பிழைச்சுக்கிடுச்சு. நல்லவேளை.

காலையில ஆபீஸ்ல போய்ப் படகுல ஒரு இடம் கேட்டேன். ஏன், என்ன விஷயம், உடம்பு சரியில்லையா, வீட்டுல யாருக்காவது ஏதாவதான்னு கேட்டாங்க.

ஒண்ணும் இல்லை, என் தம்பி வரச் சொன்னான்னு சொன்னேன்.

அக்கா